மேனாம்பேட்டில் ஏது கடல்

பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்த சுதா, கால் வைக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் வாசற்படியில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த நாட்களில் அதுதான் என் வேலை.

"யோவ், இங்க வந்து பாரு. டீத்தண்ணி மாரி இன்னாமோ வடியுது."

குனிந்து பார்த்தேன். துரு. முன்பக்கப் பேனலுக்கு உள்ளேயிருந்து இறங்கி, கால் வைக்கும் தகட்டின் ஓரத்தில் பழுப்பாகத் தேங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன். பெயிண்ட் அப்பளம் மாதிரி உடைந்து விரலோடு வந்தது. ஆவணியில் வாங்கிய வண்டி. சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட சுதா இன்னும் எடுக்கவில்லை.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பெயிண்ட் லைனில் பல வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவன். இரும்புச் சாமான்களைக் கொக்கியில் மாட்டி, தொட்டி தொட்டியாக முக்கி எடுத்து அனுப்புவது வேலை. ஐப்பசியில் ஒரு நாள் டீ குடிக்க கேட்டுக்கு வெளியே வந்தேன், திரும்ப உள்ளே போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லும்படி ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து வீடு சுதாவின் சம்பளத்தில் ஓடியது. அவள் ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். விடியும்போது கிளம்பினால் பாடி, கொரட்டூர், முகப்பேர் என்று சுற்றிவிட்டு வெயில் ஏறுவதற்குள் ஊசிப் பெட்டியோடு லேபில் நிற்க வேண்டும். வண்டி நின்றால் அவளும் நின்றாள். நான் வேலையை விட்டதிலிருந்து அவள் என்னோடு சண்டை போடவில்லை, பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இது கம்பெனி ஃபால்ட்டு," என்றேன். "பெயிண்ட்டு புடிக்கல. தொட்டியில சரியா முக்காம உட்டுக்கீறானுங்க. இத்த உட்டா அடுத்த மழைக்கு சேசிஸ்ஸே புட்டுக்கும்."

"மெய்யாலுமா?"

"நான் இன்னா வேலமா பாத்தேன் அங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். சோப்பு நுரைக் கையோடு, கொஞ்சம் தலையைச் சாய்த்து, இவன் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்பது போல. அந்தப் பார்வையைக் கண்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நெஞ்சுக்குள் சூடாக ஒன்று கிளம்பியது. சந்தோஷம்தான். துருவைப் பார்த்து சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எங்கள் மேனாம்பேட்டில் நானாகத்தான் இருப்பேன்.

ஷோரூம் பாடி மேம்பாலத்துக்கு முன்னால் இருந்தது. மேனேஜர் ராஜசேகரன் வண்டியைச் சுற்றி வந்தார், தொடவில்லை. "வாட்டர் வாஷ் வெளியில குடுத்திருப்பீங்க," என்றார். சுதாதான் கழுவுகிறாள் என்றேன். "அப்ப ஏதாவது ஆசிட் சிந்தியிருக்கும்." ரத்தம் எடுக்கிறவள் ஆசிட் கொண்டுபோக மாட்டாள் என்றேன். கடைசியில் அவர், கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வருவார், அவர் பார்த்து எழுதினால் சேசிஸ் என்ன, வண்டியையே மாற்றித் தருவோம் என்றார். எங்களை அனுப்பிவைக்கத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் நிற்கவில்லை. வண்டியைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தேன். பக்கத்து வீட்டு வரதன் தினம் வந்து பேனலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாமே, உடாத. புச்சு வண்டி இல்லாம ஊட்டுக்கு வராத," என்று ஏற்றிவிட்டுப் போனான். தெருவில் அதே மாடல் வைத்திருந்தவர்கள் தங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்கள். நான் ரப்பரைத் தூக்கிப் பார்த்து டாக்டர் மாதிரித் தலையாட்டினேன். ஒன்றிலும் துரு இல்லை. அது என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். எனக்கு இருந்த வேகத்தில் யோசிக்கத் தோன்றவில்லை. ராத்திரி சாப்பிடும்போது தொட்டி, மருந்து, சூடு என்று சுதாவுக்கு விளக்கினேன். அவள் கேட்டாள். இரண்டாவது தோசையைக் கேட்காமலே போட்டாள்.

"அங்க நீயே பேசு," என்றாள் வியாழக்கிழமை. "எனுக்கு இதெல்லாம் வராது. நான் லீவு போட்டுட்டு வந்து பக்கத்துல நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம். ஷோரூம் வாசலில் பலூன் தோரணம் கட்டி, ஸ்பீக்கரில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். தை மாதத்தில் வண்டி எடுக்கிற கூட்டம். பட்டுப்புடவையும் மல்லிகையும் சந்தன வாசனையுமாக ஒரு கல்யாண மண்டபம் போலவே இருந்தது. சுதாவும் நல்ல புடவையில் வந்திருந்தாள். நான் சவரம் செய்து, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தேன். எங்கள் வண்டியைப் பின்பக்கம் சர்வீஸ் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மெக்கானிக் டில்லிபாபு முன் பேனலின் ஸ்க்ரூக்களை எல்லாம் கழற்றிவிட்டான்.

"இன்ஜினியர் மேடம் வந்துட்டாங்களாம். இட்டுக்கினு வரேன். தொடாத அண்ணாத்தே," என்று சொல்லிவிட்டுப் போனான். சுதா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள்.

எனக்குப் பொறுமை இல்லை. பேனலை மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே ஹேண்டில் தண்டுக்குக் கீழே, சேசிஸ் குழாயில், ஒயர்களுக்கு நடுவே மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு கட்டியிருந்தது. எலுமிச்சம்பழ அளவு. ஈரமாக, கசிந்துகொண்டு. தொட்டு நாக்கில் வைத்தேன். கல் உப்பு. கூடவே படிகாரத் துண்டு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. முடிச்சு இருந்த இடத்திலிருந்து பழுப்புக் கோடுகள் கீழே இறங்கி, குழாயைத் தின்றுகொண்டே போய்த் தகட்டில் சேர்ந்திருந்தன. முடிச்சுக்கு மேலே பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. நன்றாகவே முக்கி எடுத்திருக்கிறார்கள். எவனோ ராத்திரி கண் விழித்து ஒழுங்காக வேலை செய்திருக்கிறான்.

சுதா செவ்வாய்க்கிழமை தவறாமல் திருவேற்காடு அம்மன் கோயிலுக்குப் போகிறவள். எங்கள் நிலைவாசலில் எப்போதும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். நான் நைட் ஷிப்ட் போன காலத்தில் ஒருமுறை என் சாப்பாட்டுப் பையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு, லைனில் எல்லோரிடமும் காட்டிச் சிரித்து, வீட்டுக்கு வந்து அவளிடமும் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு திருஷ்டிக்கு எதைச் செய்தாலும் எனக்குத் தெரியாமல்தான் செய்தாள். இதுவும் அவள் வேலைதான். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் கையால் கட்டிய உப்பு அவள் வண்டியைத் தின்றிருக்கிறது. இன்ஜினியர் வந்து இதைத் தூக்கிக் காட்டினால், அந்தப் பட்டுப்புடவைக் கூட்டத்தின் நடுவில் சுதாவின் முகம் என்னவாகும் என்று ஒரு கணம் தெரிந்தது. முடிச்சைப் பிய்த்தெடுத்து சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இன்ஜினியர் மோகனப்பிரியா என்னைவிடச் சின்னப் பெண். செல்போன் வெளிச்சத்தில் உள்ளே நன்றாகக் குனிந்து பார்த்தாள். அவசரமே படவில்லை. ராஜசேகரன் பின்னால் கை கட்டி நின்றார். சுதா என்னருகில் வந்து நின்றாள், சொன்னபடி.

"பெயிண்ட்ல பிரச்சினை இல்லைங்க," என்றாள் மோகனப்பிரியா. "ஒரே இடத்துலேர்ந்து இறங்கியிருக்கு பாருங்க. இது உப்புத் தண்ணி. வெளியிலேர்ந்து வந்தது."

"பீச் பக்கம் அடிக்கடி போவீங்களா?" என்றார் ராஜசேகரன், நிம்மதியாக.

"மேனாம்பேட்ல ஏது சார் கடலு?" என்றாள் சுதா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "சொல்லுய்யா. தொட்டி, மருந்துன்னு சொன்னியே, எல்லாத்தையும் சொல்லு."

பாக்கெட்டிலிருந்து ஈரம் சட்டையைத் தாண்டி நெஞ்சில் பட்டது. ஜில்லென்று இருந்தது, பிறகு அரித்தது.

"இன்னாய்யா ஆச்சு ஒனுக்கு? ஊட்ல அந்த கத்து கத்துன?"

"அவங்க சொல்றது கரெக்டா இருக்கும், சுதா. வா, போலாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாரம் முழுவதும் இல்லாமல் போயிற்று. கேட்டுக்கு வெளியே டீ குடிக்கப் போனவன் மறுபடியும் திரும்பி வராமல் நின்றுவிட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மோகனப்பிரியா எழுதத் தொடங்கினாள்.

அப்போது பக்கத்தில் ஒரு புது வண்டியைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். சிவப்பு ஸ்கூட்டர், மாலை போட்டு, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து. வாங்குகிறவர் ஜெகதாம்பாள் என்று சாவி மாதிரி வெட்டிய அட்டையில் பெரிதாக எழுதியிருந்தது. அந்த அம்மாள் அவசரம் தாங்காமல் குடும்பத்தோடு கொட்டகைக்கே வந்துவிட்டிருந்தார். ஷோரூமில் வண்டி டெலிவரி பார்க்கும் சிம்ரன் என்ற பெண் தாம்பாளத்தோடு வந்தாள். சந்தனம், குங்குமம், கற்பூரம். ஓரத்தில் மஞ்சள் துணியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு முடிச்சு.

"இது எங்க ஷோரூம் ஸ்பெஷல்மா," என்றாள் சிம்ரன் சிரித்துக்கொண்டே. "திருஷ்டி முடிச்சு. வெளிய தெரியாது, உள்ள கட்டிட்டா யாரு கண்ணும் படாது. எங்க மேனேஜர் சார் ஐடியா. எல்லாருக்கும் கட்றதில்ல, லேடீஸ் வண்டிக்கு மட்டும்."

பேனல் சந்துக்குள் அவள் கை போனது.

ஆவணியில் எங்கள் வண்டி வந்த காலையில் நான் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன். சுதா தனியாகப் போய் எடுத்து வந்தாள். நான் பணம் கட்டிட்டு வர்றதுக்குள்ள பூஜையெல்லாம் அவங்களே முடிச்சித் தந்தாங்க என்று சொன்னது ஞாபகம் வந்தது. எனக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறிக்கொண்டு வந்தது. நான் அப்படிக் கத்தி எத்தனையோ வருடம் இருக்கும்.

"யம்மா! கைய எடு! அத்த கட்டாத!"

நாதஸ்வரத்தைத் தவிர எல்லாம் நின்றது. நான் பாக்கெட்டில் கைவிட்டு ஈர முடிச்சை எடுத்துத் தாம்பாளத்தில், அவள் முடிச்சு இருந்த இடத்தில் வைத்தேன். அதே மஞ்சள். அதே நூல். ஒன்றில்தான் ஆவணியிலிருந்து பெய்த மழையெல்லாம் இருந்தது. கசிந்த தண்ணீர் தாம்பாளத்தில் ஓடிச் சந்தனத்தைக் கரைத்தது.

"பீச்சு பக்கம் போவீங்களான்னு கேட்டீங்களே சார்? தோ கீது கடலு. நீங்களே கட்டிக் குடுத்தது."

"சார், அது ஒரு நம்பிக்கை..." என்று ராஜசேகரன் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. மோகனப்பிரியா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு, செல்போனைத் தூக்கித் தாம்பாளத்தைப் போட்டோ எடுத்தாள். பிறகு எங்கள் வண்டியின் துருவை. பிறகு சிவப்பு வண்டியின் சந்துக்குள் இன்னும் மாட்டிக்கொண்டிருந்த சிம்ரனின் கையை.

"அத்த வெளிய எடும்மா மொதல்ல," என்றார் ஜெகதாம்பாள். "உப்ப கட்டி இரும்புல வெப்பாங்களா? எவன் குடுத்த ஐடியா இது?"

டில்லிபாபு சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு ஸ்டாண்டின் பின்னால் போய் நின்றுகொண்டான். ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். இன்னொருவர், கார்த்திகையில் வண்டி எடுத்தவராம், பேனலைக் கழற்றச் சொல்லிச் சத்தம் போட்டார். மோகனப்பிரியா யாரையோ போனில் கூப்பிட்டு, தனியாகப் போய் நின்று தாழ்ந்த குரலில் பேசினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது.

சுதா என் முன்னால் வந்து நின்றாள். சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் பழுப்பும் மஞ்சளுமாகக் கறை பரவியிருந்தது, ஓரத்தில் மட்டும் காய்ந்து வெள்ளைக் கோடு விட்டிருந்தது.

"எப்ப எடுத்த இத்த?"

"அவங்க வர்றதுக்கு முந்தி."

"எடுத்து ஒளிச்சி வெச்சிக்கினு, போலாம் வான்ன."

அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்தது முகத்தில் தெரிந்தது.

"நான் கட்டுனேன்னு நெனச்சியா?"

"நீதான் எல்லாத்துலயும் கட்டுவியே."

"லூசு," என்றாள். நகத்தால் என் பாக்கெட்டின் வெள்ளைக் கோட்டைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள், பிறகு சுளித்த முகத்தோடே சிரிக்க ஆரம்பித்தாள். வெளியே கற்பூரம் கொளுத்தலாமா என்று யாரோ கேட்டார்கள். மாலை போட்ட சிவப்பு வண்டி, இன்னும் நசுங்காத எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றது.