பக்கத்து மனையில் பன்னிரண்டு வீடு

அப்படின்னா மூணாவது மாடிக்கும் சுவர் எழும்பிடுச்சு, இல்லாட்டி இந்நேரம் இந்த மூலைக்கு வெயில் வந்திருக்கணுமே... இருசம்மாள் மிளகாய் பரப்பியிருந்த பாயின் நுனியைப் பிடித்து மொட்டைமாடியின் மேற்கு ஓரத்துக்கு இழுத்தாள், போன வாரம் நிழல் தண்ணித் தொட்டியோடு நின்றது, இன்றைக்குத் தொட்டியைத் தாண்டி வந்துவிட்டது, எதிரே கட்டடம், பூசாத செங்கல், மேலே துருத்திக்கொண்டு நிற்கிற கம்பி, கொஞ்சம் எக்கினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு கிட்டத்தில். முன்னே அங்கே தங்கராசு வாத்தியார் வூடு இருந்தது, ஒரு மாமரம், அவர், அவர் சம்சாரம், அவ்வளவுதான், இரண்டு பேரும் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் வித்துட்டுப் போயிட்டாங்க, அந்த ஒரு மனையில் இப்போது பன்னிரண்டு வூடு வருதாம். பன்னிரண்டு அடுப்பு, பன்னிரண்டு டிவி, பன்னிரண்டு வூட்டுச் சண்டை... அவளுக்குக் கோபம் வரவில்லை, வரணுமோ, தெருவே கொதித்துக்கொண்டிருக்கும்போது தனக்கு மட்டும் ஏன் ஜுரம் பார்க்கிற மாதிரி பார்க்கத் தோன்றுகிறது, இத்தனை டிகிரி, சரி, அடுத்த ஆளைப் பாப்போம் என்று... ஊர் ஊராகச் சுற்றிய நர்சு வேலை, ரிட்டையர் ஆகியும் அந்தக் கண் மட்டும் ரிட்டையர் ஆகவில்லை.

பத்து மணிக்கு ரெடியா இருங்க நர்சம்மா, வேன் சொல்லியிருக்கு, எல்லாருமா நகராட்சி ஆபீசுக்குப் போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுவோம், நேற்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நின்றபடி சொல்லிவிட்டுப் போனார் பஞ்சநாதன், எதிர் வரிசையில் மூணாவது வூடு, கூட்டுறவு சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் எதற்கும் முன்னால் நிற்கிற மனிதர். ஒட்டுன வூடு உங்களதுதான், நீங்க பேசுனா எடுபடும். தண்ணி எங்கேருந்து வரும், சாக்கடை எங்க போவும், அத்தனை வண்டியையும் எங்க நிறுத்துவான், மேல நின்னு பாத்தா நம்ம வூட்டுக் கொல்லையெல்லாம் தெரியும்... எல்லாம் நியாயந்தான், தெரு மேட்டில் இருக்கிறது, குழாய்த் தண்ணி ஏறி வருவதற்குள் கீழ்த்தெருக்காரர்கள் பிடித்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஜனங்கள் எங்கேதான் இருப்பார்கள், எளம்பலூர் ரோட்டுப் பக்கம் ஒன்று, துறைமங்கலம் தாண்டி ஒன்று என்று டவுன் இப்பவே மக்காச்சோளக் காட்டையும் பருத்திக் காட்டையும் தின்றுகொண்டே போகிறது, காட்டிலேயும் கட்டக்கூடாது, டவுனுக்குள்ளயும் அடுக்கக்கூடாது என்றால்... மகன் அறிவரசன் சென்னையில் எட்டாவது மாடியில் இருக்கிறான், அங்கே போய்த் தங்கியிருந்தபோது எதிர் வூட்டுல யாருடா இருக்காங்க என்று கேட்டதற்குத் தெரியலம்மா என்றான், குடிவந்து வருசக் கணக்காகிறது, தெரியலையாம், இதெல்லாம் ஒரு பொழப்பா என்று முதல் நாள் நினைத்தாள். அப்புறம் ஒருநாள் லிஃப்டில் ஒரு அம்மாள் சிரித்தாள், எத்தனாவது மாடிங்க என்று கேட்டாள், எட்டு என்றாள் இவள், அவ்வளவுதான், கேள்வி அதோடு முடிந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தது, எதனால் வந்தது...

எதனால் என்ன, அவளை எல்லாரும் கேட்டுக் கேட்டுப் பழகின கேள்வி வேற. கல்யாணமான புதிதில் அவளும் சாமிதுரையும் பெரம்பலூரில் வாடகைக்கு வூடு தேடி அலைந்தார்கள், அவருக்குக் கரண்டு ஆபீசில் வேலை, அவளுக்கு அரசாங்க வேலை, இரண்டு சம்பளம், துவைத்துத் தேய்த்த துணி, வாங்க வாங்க உக்காருங்க என்பார்கள், காபி கூட வரும், நீங்க எந்தப் பக்கம், வாலிகண்டபுரம் பக்கங்க, ஊருக்குள்ளயா அந்தாண்டயா... அந்தாண்ட, காலனிங்க என்று சொன்னதும் முகத்தில் ஒன்றும் மாறாது, அதுதான் விசேஷம், சிரித்த முகம் சிரித்தபடியே இருக்கும், அடடா மறந்தே போயிட்டேன் பாருங்க, இந்த வூட்டுக்கு எங்க தம்பி குடும்பம் வரப்போவுது. அந்த வருசம் பெரம்பலூருக்கு எத்தனை தம்பி குடும்பம் வரவேண்டியிருந்தது! ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தம்பி, சாமிதுரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், சிரித்துவிட்டு சைக்கிளைத் தள்ளுவார், ஏறி மிதிக்க மாட்டார். கடைசியில் லப்பைக்குடிக்காட்டுக்கார அம்மா ஒருத்தி, புருசன் துபாயில், மாடியில் இரண்டு ரூம், எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை, நர்சாம்மா நீங்க, அல்லாவே அனுப்பி வச்ச மாதிரி இருக்கு, எனக்கு ராவானா மூச்சு இளைக்குது என்றாள், சாவியைக் கொடுத்துவிட்டாள். அப்புறம் இந்த மனை, அப்போது இது வெறும் கல் நட்ட காடு, விற்றவனுக்குக் கையெழுத்து போதும், சாதி தேவைப்படவில்லை. பால் காய்ச்சுகிற அன்றைக்குத் தெருவில் இருந்த நாலைந்து குடும்பமும் வந்தது, பஞ்சநாதனும் வந்தார், சம்சாரத்தோடு, கூடத்தில் நின்று வூட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், பாயசம் வேண்டாம் சக்கரை இருக்கு என்றார்கள், காபி வேண்டாம் இப்பத்தான் குடிச்சோம் என்றார்கள், தட்டில் இருந்து வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள், தோலை உரித்துத் தின்கிற பழம். அவள் அதைப் பார்த்தாள், ஒன்றும் நினைக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு பழகிப்போயிற்று, அவர் சம்சாரத்துக்குத் தினம் ஊசி போட்டது இவள் கைதான், அந்த அம்மாள் இவள் போட்டால்தான் வலிக்கவில்லை என்பாள்...

"அக்கா..."

யாரை, என்னையா, எதிரே முதல் மாடியில் ஜன்னலுக்கு விட்டிருந்த ஓட்டையில் ஒரு பெண் நின்றிருந்தாள், சின்னப் பெண்தான், சிமெண்டுத் தூசிக்குத் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்தாள், பின்னால் புருசன் செல்போனில் சுவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இந்த வூட்டப் பாக்க வந்தோங்க்கா. நல்லாத்தான் இருக்கு. இங்க தண்ணியெல்லாம் எப்படிங்க்கா?"

குரலை உயர்த்தவே வேண்டியிருக்கவில்லை, ஒரே அடுப்படியில் நின்று பேசுகிற மாதிரி, இதைத்தான் ஆள் குடிவந்ததும் எல்லாரும் குறை சொல்லப்போகிறார்கள்.

"தண்ணி கஷ்டந்தாம்மா. தெரு மேடு. வந்தாலும் நூலாட்டம் வரும். மழ பேஞ்சா சாக்கடையும் அடைச்சுப் பொங்கி வாசலுக்கு வந்துடும்."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது, உடனே அதை நீவிவிட்டுக்கொண்டாள். "பரவால்லீங்க்கா, சமாளிச்சுக்கலாம். வாடகைக்கு அலைஞ்சு அலைஞ்சு அலுத்துட்டோம். குரும்பலூர்லயும் பாத்தோம், டவுன்லயும் பாத்தோம். அதான் சொந்தமாவே ஒன்னு பாத்துடலாம்னு..." திரும்பிப் புருசனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தெருவுல ஆளுங்கல்லாம் எப்படிங்க்கா?"

நீ எந்தப் பக்கம்மா... கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அவள் நாக்கிலேயே, எங்கேயிருந்து வந்தது இது, வாயை மூடிக்கொண்டாள்.

"நல்ல ஆளுங்கதான். ஒன் பேரு என்னம்மா?"

"கவியாங்க்கா."

"பாத்துட்டுப் போ, கவியா."

கீழே ஹாரன் அடித்தது. படி இறங்கும்போது அவளுக்கு ஒன்று உறுத்தியது, தண்ணியைப் பற்றிச் சொன்னதெல்லாம் நிஜம், ஆளுங்களைப் பற்றிச் சொன்னதுதான்... நிஜத்தைச் சொன்னது அந்தப் பெண் ஏமாறக்கூடாது என்றா, வராமல் போகட்டும் என்றா, வெயில் போய்விடும் என்றா, அப்படியென்றால் பொய்யைச் சொன்னது எதற்கு. ஒரே வாய்தான் இரண்டையும் சொன்னது.

வேனில் ஆறேழு பேர் இருந்தார்கள், ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டு வைத்திருந்தார்கள், வாங்க நர்சம்மா, ஒரு பெண் தண்ணி பாட்டிலை நீட்டினாள், இருசம்மாள் அண்ணாந்து குடித்துவிட்டுக் கொடுத்தாள், வாங்கிய பெண் அதைத் துடைக்காமல் குடித்தாள், இதெல்லாம் இப்போது சகஜம். பஞ்சநாதன் முன் சீட்டில் இருந்து திரும்பி உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார், "தண்ணி சாக்கடையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டுங்க. பன்னண்டு வூடுன்னா பன்னண்டு தினுசு ஆளு வருவான். எவன் எந்த ஊரு, என்ன ஏதுன்னு நமக்குத் தெரியுமா? இத்தன வருசமா நம்ம தெருவுன்னா நமக்குள்ள ஒரு இது இருக்கு. இல்லீங்களா நர்சம்மா?" நமக்குள்ள... அவர் கண் அவளைத்தான் பார்த்தது, எல்லாரும் தலையாட்டினார்கள், அவள் தலையும் ஆடியது, ஆடினதை அவள் பிறகுதான் கவனித்தாள். அந்த வார்த்தைக்குள் அவளை எப்போது சேர்த்தார்கள், ஊசியிலா, சாமிதுரை இறந்தபோது பஞ்சநாதன் பாடைக்கு முன்னால் சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தாரே, அன்றைக்கா, இல்லை இப்போது, இந்த வேனில், வெளியே நிறுத்துவதற்கு வேறு ஆள் கிடைத்த பிறகா... உள்ளே இருப்பது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது, ஜன்னலோரக் காற்று, பக்கத்தில் தெரிந்த முகங்கள்.

ஆபீசில் இன்ஜினியர் ஒரு சின்ன வயசுப் பெண், உட்காரச் சொன்னாள், பொறுமையாகக் கேட்டாள், பஞ்சநாதன் கோர்வையாகப் பேசினார், வேனில் பேசியதைப் பேசவில்லை, தண்ணி, சாக்கடை, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெரு, எல்லாம் நியாயமான பேச்சு. அந்தப் பெண் சொன்னாள், "கட்டறது விதிக்கு உட்பட்டுத்தான் இருக்குங்க சார். டவுனுக்குள்ள இன்னும் நாலு பேருக்கு எடம் வேணுமில்ல." பிறகு, "ஒட்டின வீடு யாருது?"

"இவங்களுதுங்க. ஆரம்பத்துலேருந்து இருக்கறவங்க. எங்காளு," என்றார் பஞ்சநாதன், "நீங்க சொல்லுங்க நர்சம்மா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கட்டவே கூடாதுங்க என்று ஒரு வரி, அவ்வளவுதான் கேட்கிறார்கள், அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கும் ஜன்னலோர இடம் இருக்கும். ஜன்னல் ஓட்டையில் நின்ற பெண் இந்நேரம் கீழே இறங்கிப் போயிருப்பாள், வேறு தெருவில் வேறு யாரையோ தண்ணி எப்படிங்க்கா என்று கேட்டுக்கொண்டிருப்பாள், அல்லது யாரோ ஒருவருடைய தம்பி குடும்பம் வரப்போகிற கதையைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்... எனக்கென்ன, பெத்தவளா வளர்த்தவளா, பேரைத் தவிர ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் கேட்கவில்லை.

"தண்ணி பத்தலீங்க," என்றாள் இருசம்மாள். "தெருவுக்குப் பெரிய பைப்பு போடுங்க. சாக்கடைக்கு வழி பண்ணுங்க. பண்ணிட்டு... கட்டட்டும். மனுசங்க எங்கயாச்சும் இருக்கணுமில்ல."

அந்த இன்ஜினியர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பஞ்சநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், நன்றிங்க மேடம் என்று எழுந்தார்.

திரும்பும்போது டிரைவர் பாட்டைப் போட்டு, உடனே அணைத்துவிட்டான். அவள் காத்திருந்தாள், இப்போது திட்டுவார்கள், திட்டினால் நல்லது, பதில் சொல்லலாம். பாலக்கரை ரவுண்டானா தாண்டியதும் பஞ்சநாதன் பேசினார், திரும்பாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, கோபம் கூட இல்லை குரலில். "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கன்னு எனக்கு முன்னாடியே ஒரு யோசன இருந்துச்சு."

நீங்க... அவள் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டாள், மரியாதைக்கு ஒருத்தியைச் சொன்னாலும் நீங்கதான், பல பேரைச் சேர்த்து ஒரு கும்பலாகச் சொன்னாலும் நீங்கதான், இது எது, இந்த இருசம்மாளா, இல்லை... கேட்டுவிடலாம், முன் சீட்டு கைக்கெட்டுகிற தூரம்தான், சார் நீங்கன்னா யாருங்க என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும், ஆனால் அப்படி ஒரு கேள்வியை எந்த வாயால் கேட்பது, கேட்டால் என்ன சொல்வார், என்ன நர்சம்மா இப்படிக் கேக்கறீங்க என்பார், அதிலும் ஒரு நீங்க இருக்கும். வேன் தெருவுக்குள் திரும்பியது. இவ்வளவு வருசமாக அவர் கூப்பிட்டது, பேசியது, விசாரித்தது, எத்தனை ஆயிரம் நீங்க, எல்லாவற்றையும் மரியாதைக் கணக்கிலேயே அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள், ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. அவர் முதலில் இறங்கினார், அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், வயசான மனிதர்.

"பாத்து எறங்குங்க," என்றார்.

எறங்குங்க... இதிலும் ஒரு நீங்க, எந்த நீங்க, அவள் ஒரு காலைத் தரையில் வைத்து, அவர் முகத்தைப் பார்த்தாள்.