நானூற்று மூன்றில் ஓர் உறுமல்

ராஜகோபால் வீட்டில் அந்த வஸ்துவை ரெக்கார்டு ப்ளேயர் என்று சொல்லக் கூடாது. டர்ன்டேபிள் என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆன தைரியத்தில் தாரிணி மட்டும் அதைத் 'தட்டுப் பெட்டி' என்பாள். அப்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நூற்றெண்பது பேரை மேய்க்கிற மனிதருக்கு வீட்டில் அவ்வளவுதான் அதிகாரம்.

ஃபோனில் பாட்டுக் கேட்பவர்களைப் பார்த்தால், ஊசிப்போன சாம்பாரைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுபவர்களைப் பார்க்கிற பரிதாபம் அவர் முகத்தில் வரும். அப்படிப்பட்டவருடைய ஹாலில்தான் மூன்று மாதமாக ஓர் உறுமல் குடியேறியிருந்தது.

சத்தத்தைக் குறைவாக வைத்தால் ஒன்றும் இல்லை. நாலு பேர் கேட்கிற அளவுக்குக் கூட்டினால், மிருதங்கத்துக்குப் பின்னாலிருந்து 'ஊம்' என்று ஒன்று கிளம்பும். அது தானாகவே வளரும். பாட்டை முழுங்கும். அலமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். பதறிப்போய்க் குமிழைத் திருப்பிக் குறைத்தால், ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும்.

அந்த அடக்கம்தான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. குறைத்ததும் நிற்கிறதென்றால், யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இவர் கூட்டினால் அவர்கள் கூட்டுகிறார்கள். இவர் குறைத்தால் அவர்கள் குறைக்கிறார்கள். இது தற்செயல் இல்லை. இது திட்டம்.

திட்டம் தீட்டக்கூடியவர் தலைக்கு மேலேயே இருந்தார். ஐந்நூற்று மூன்றில் ஜூடித். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துபவர், குடிவந்து மூன்று மாதம். வீட்டில் ஒன்பது பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்புதான் அவர் பிழைப்பு.

"மூணு மாசமா உறுமல். மூணு மாசமா அந்தம்மா. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்றார் ராஜகோபால், நாற்காலி மேல் ஏறி நின்று, எவர்சில்வர் டம்ளரைக் கூரையில் வைத்து அதில் காதை ஒட்டியபடி.

"ஃபேன்ல முட்டிக்கப் போறீங்க," என்றாள் தாரிணி.

ஒருநாள் லிஃப்டில் ஆளே மாட்டினார்.

"மேடம், நேத்து சாயங்காலம் ஆறு இருபதுக்கு வீட்லதான் இருந்தீங்களா?"

"ஹவ், இருந்தேன். கைக்கு அண்ணா, எதுக்குக் கேக்குறீங்க?" ஹைதராபாத் இந்தி அவர் தமிழில் தானாக வந்து விழும்.

"சும்மாதான்."

ஜூடித் சிரித்தார். குற்றம் செய்யாதவர்கள் லிஃப்டில் சிரிக்க மாட்டார்கள் என்பது ராஜகோபாலின் கணிப்பு. வீட்டுக்கு வந்ததும் எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்தார். தேதி, நேரம், குமிழின் நிலை, பத்துக்கு உறுமலின் கடுமை. ஆறு வாரத்தில் எழுபத்தோரு வரிசை சேர்ந்தன. அலுவலகத்தில் எந்தப் பிராஜெக்டுக்கும் அவர் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்ததில்லை.

குடியிருப்புச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. வீட்டுக்குள் வகுப்பு நடத்தலாம். அக்கம்பக்கத்தில் யாராவது எழுத்தில் ஆட்சேபித்து, அது உண்மை என்று செயலாளர் நேரில் கண்டால் மறுநாளே மூட வேண்டும். ராஜகோபால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலேயே ஆட்சேபத்தைப் போட்டார். நூற்று நாற்பது வீடும் படித்தது. நான்கு பிள்ளைகளின் அம்மாக்கள் அன்றைக்கே ஜூடித்தைக் கூப்பிட்டு, வகுப்பு இருக்குமா, இல்லையென்றால் வேறு இடம் பார்க்கட்டுமா என்று கேட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குச் செயலாளர் கணேஷ்குமார் விசாரணைக்கு வந்தார். சித்தூர்க்காரர், வங்கியில் ஓய்வுபெற்றவர். காபி டம்ளரை அவர் கையில் எடுக்கும்போதே மறுபடியும் மணி அடித்தது.

வாசலில் ஜூடித் நின்றார். இடுப்பில் பிள்ளையை இடுக்குவதுபோல் ஒரு நீளமான துணிப்பையை இடுக்கிக்கொண்டிருந்தார்.

"கீபோர்டையே தூக்கிட்டு வந்துட்டேன். இன்னிக்குக் கிளாஸ் கேன்சல். மெயின் ஆஃப் பண்ணி வீட்டைப் பூட்டிட்டேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் சார். என் வீட்டுச் சத்தம்னா இன்னிக்கு வரக் கூடாது, இல்லையா?"

பையைச் சோபாவில் படுக்கவைத்தார். ராஜகோபால் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். இவ்வளவு முன்னேற்பாடா? மடியில் கனம் உள்ளவர்தான் இப்படியெல்லாம் யோசிப்பார்.

முதலில் எக்செல் வரைபடத்தை டிவியில் காட்டினார். பிறகு இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்தார். பிரஷ்ஷால் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஊசியை இன்னொரு குட்டி பிரஷ்ஷால் துடைத்தார். "அனலாக் என்பது ஒரு பொறுமை," என்று தொடங்கினார்.

"ஹோமம் முடிஞ்சதுன்னா பாட்டைப் போடுங்க சார்," என்றார் கணேஷ்குமார். "பன்னெண்டு மணிக்குத் தண்ணி டேங்கர் வருது."

பாட்டு ஆரம்பித்தது. குமிழ் ஏறியது. சொல்லி வைத்ததுபோல் 'ஊம்' கிளம்பியது, வளர்ந்தது, கண்ணாடி ஆடியது. ராஜகோபால் வெற்றியோடு கூரையைக் காட்டினார். கணேஷ்குமார் கூரையைப் பார்க்கவில்லை. சோபாவில் படுத்திருந்த பையைப் பார்த்தார்.

"உள்ள வேற யாராவது இருக்கலாம்," என்றார் ராஜகோபால். "எதாவது மெஷின். பேட்டரியில ஓடலாம்."

"போய்ப் பாருங்க சார்," என்றார் ஜூடித். "கட்டிலுக்கு அடியிலயும் பாருங்க."

கணேஷ்குமார் சாவியோடு மேலே போனார். இரண்டு நிமிடத்தில் தாரிணியின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்க ஒண்ணுமே இல்லம்மா. ஆனா உங்க வீட்டு உறுமல் எனக்கு இங்க கேக்குது. தரை ஆடி உள்ளங்கால் கூசுது. அதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க சாரை!"

தாரிணியே போய்க் குமிழைத் திருப்பினாள்.

அவ்வளவு நேரமும் டிவியிலிருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஜூடித் எழுந்தார். "அண்ணா, இதுல புதன்கிழமையும் உறுமல் போட்டிருக்கீங்க. புதன் சாயங்காலம் நான் சர்ச்ல கொயர் பிராக்டிஸ்ல இருப்பேன். கோடு என் கிளாஸ் கூட ஏறல. உங்க வால்யூம் கூடத்தான் ஏறுது."

"அதுக்கு?"

"தட்டைச் சுத்த விடாம, ஊசியை மட்டும் அது மேல வைங்க. சவுண்டு கொஞ்சம் இருக்கட்டும்."

"இது ஜப்பான் ஊசி மேடம். அப்படியெல்லாம் சும்மா வைக்கிறது…"

"வைங்க," என்றாள் தாரிணி.

வைத்தார். டர்ன்டேபிள் உட்கார்ந்திருந்த டிவி யூனிட்டை ஜூடித், கதவைத் தட்டுவதுபோல் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார். டொம், டொம் என்று இரண்டு ஸ்பீக்கரும் அதிர்ந்தன. தட்டு சுற்றவில்லை. பாட்டு இல்லை. பலகையில் தட்டியது மட்டும் பூதாகாரமாக வெளியே வந்தது.

"எங்க சர்ச்ல மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி கொண்டுபோனா கூவும்ல? அதே கதைதான் அண்ணா. உங்க ஊசியும் மைக் மாதிரி, ஆட்டம் எதுவா இருந்தாலும் பிடிச்சுக்கும். ஸ்பீக்கர் பலகையை ஆட்டுது. பலகை ஊசியை ஆட்டுது. ஊசி அதைத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்புது. அது இன்னும் பெருசா ஆட்டுது. குறைச்சா அடங்கிடுது. யாரும் ஒட்டுக் கேக்கல."

அந்த யூனிட்டை ராஜகோபாலே பேப்பரில் வரைந்து தச்சரிடம் கொடுத்திருந்தார். ஏழடி நீளம், உள்ளே வெறும் கூடு. நடுவில் டர்ன்டேபிள், இரண்டு முனையிலும் ஸ்பீக்கர். பார்க்கிறவர்களுக்குக் கோயில் கர்ப்பக்கிரகமும் துவாரபாலகர்களும் போல் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சாட்சாத் ஒரு தவிலைச் செய்து, அதன் முதுகிலேயே ஊசியை உட்காரவைத்திருந்தார்.

"இது எப்ப வந்துச்சு அக்கா?" என்று ஜூடித் தாரிணியைக் கேட்டார்.

"நீங்க குடிவந்த அதே வாரம்," என்றாள் தாரிணி.

கணேஷ்குமார் கீழே வந்ததும், அவரும் ஜூடித்தும் ஆளுக்கொரு ஸ்பீக்கரைத் தூக்கித் தரையில் கால்மிதியடி மேல் வைத்தார்கள். அதே பாட்டு, அதே குமிழ். உறுமல் வரவில்லை. ராஜகோபால் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்த்தார். வரவே இல்லை. வந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஆட்சேபம் குரூப்ல போட்டீங்க. வாபஸும் குரூப்லதான்," என்றார் கணேஷ்குமார். "இப்பவே. என் முன்னாடி."

ராஜகோபால் ஆங்கிலத்தில் தட்டச்சினார். நமது கட்டடத்தில் நிலவிவந்த அதிர்வுச் சிக்கலின் தொழில்நுட்பக் காரணம் விரிவான ஆய்வுக்குப் பின் கண்டறியப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். ஜூடித் தோளுக்கு மேலிருந்து எட்டிப் படித்தார்.

"நமது கட்டடம் நக்கோ அண்ணா, அது வேணாம். என் வீடுன்னு போடுங்க. என் கிளாஸ் பத்தி ஒரு வரி இல்லையே? அந்த நாலு அம்மாவும் படிக்கணும்."

"ஆய்வையும் எடுத்துடுங்க," என்றார் கணேஷ்குமார், கடிகாரத்தைப் பார்த்தபடி.

வெட்டி வெட்டி, கடைசியில் மிஞ்சியது மூன்று வரி. உறுமல் என் வீட்டு யூனிட்டிலிருந்து வந்தது. ஐந்நூற்று மூன்றுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஜூடித் மேடத்தின் வகுப்புக்கு எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அதை அனுப்புவதற்குள் ராஜகோபாலின் கட்டைவிரல் வியர்த்துவிட்டது.

ஜூடித் கீபோர்டைத் தூக்கி இடுக்கிக்கொண்டு, படியேறும்போதே ஃபோனில் ஒரு அம்மாவிடம், "அஞ்சு மணிக்கு அனுப்புங்க, இருக்கு," என்று சொல்வது கேட்டது.

செய்திக்குக் கீழே கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. ஒருவர் சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். யார் அது என்று ராஜகோபால் சந்தேகத்தோடு திறந்து பார்த்தார். தாரிணி. அடுப்படியிலிருந்து போட்டிருந்தாள்.