தண்ணீர் படாத விலா

டொமினிக்கின் விலாவில் அக்கி கொப்பளித்தபோது நோரா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பெங்களூர் நீலசந்திராவில் ஆட்டோ பிடித்து, புருஷனை நேராகக் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனுக்கு அழைத்துப் போனாள். அங்கே அக்கிக்கு எழுதும் குயவர் ஒருவர் காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் ஒரு சிங்கம் எழுதினார். காவி தானாக உதிரும்வரை தண்ணீர் படக்கூடாது, பட்டால் அக்கி உள்ளே இறங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஈஸ்டர். குளிக்காமல் பூசைக்குப் போய் அறியாத மனுஷர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? நோராவே வெந்நீர் வைத்து ஊற்றினாள். சிங்கம் கரைந்து சாக்கடையோடு போயிற்று.

அக்கி என்னவோ ஆறிவிட்டது. ஆனால் மழைக்காலத்தில் கழுத்தில் கட்டிகள் கிளம்பின. சோதித்துப் பார்த்து, கேன்சர் என்றார்கள். டொமினிக்கைவிட நோராதான் இடிந்துபோனாள். தண்ணீர் ஊற்றியது அவள் கை அல்லவா? அதற்குப் பிறகு அவரைக் குளிக்கவே விடவில்லை. ஈரத்துணியால் உடம்பைத் துடைப்பாள், அந்த விலாவை மட்டும் தொடமாட்டாள். கேட்டால் சளி பிடிக்கும் என்று ஒரு சாக்கு.

மருந்து ஏற்றப் போன அன்று, கன்னடக்கார டாக்டரம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு அழுக்கு என்று கேட்டார். நோரா அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

“நோடி அம்மா, இங்க பாருங்க, சின்ன வயசுல வந்த அம்மையோட கிருமி உடம்புலயே தூங்கிட்டிருக்கும். வயசானா கண்ணு மங்குது இல்லே? எதிர்ப்பு சக்தியும் அப்படித்தான் மங்கும். அப்போ அது எழுந்து அக்கியா வருது. கெட்டுப்போன செல்லைப் பார்த்து அழிக்கிறதும் அதே சக்திதான். அது அசந்தா கேன்சரும் தப்பிச்சு வளரும். அக்கி உள்ளே போய் கேன்சர் ஆகல.”

“அப்போ நான் ஊத்துன தண்ணியால இல்லியா?”

“இல்லவே இல்லம்மா.”

மருந்து கேட்கும் என்று நம்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றும் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். டொமினிக் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தினி நாளா இதையா மனசுல வெச்சுக்கினு இருந்தே?”

வீட்டுக்கு வந்ததும் நோரா வெந்நீர் போட்டாள். எலும்பு தெரிந்த அந்த விலாவில் சோப்பைத் தேய்த்தாள். முதல் சொம்பை ஊற்றிவிட்டு அப்படியே நின்றாள்.

டொமினிக் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினார்.

“இன்னும் ஒரு சொம்பு ஊத்து, நோரா.”