வாரேனுங்க

திரையில் ஒரு வேலை மட்டும் சிவப்பாகவே கிடந்தது. நாமக்கல்லில் அந்த ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனியில், எந்த மெக்கானிக் எந்த ஊருக்குப் போவது என்று கம்ப்யூட்டரில் பிரித்துப் போடுவது ரிஹானாவின் வேலை. ஆள் பேரைப் போட்டால் கட்டம் பச்சையாகும். போடாவிட்டால் மேலாளர் முருகானந்தம் போனில் பிடுங்கி எடுத்துவிடுவார்.

சிவப்பாகக் கிடந்தது எருமப்பட்டிக் கோழிப்பண்ணை வேலை. கரண்ட் போய், ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. சித்திரை வெயிலில் மூடிய கொட்டகையில் ஃபேன் ஓடாவிட்டால் கோழி தாங்காது. மற்றவர்களெல்லாம் பள்ளிபாளையம் பக்கம் மாட்டிக்கொண்டிருக்க, மிச்சமிருந்தது சென்றாயன்தான். அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, எருமப்பட்டிக்கு உடனே போகணும். பண்ணையில ஜெனரேட்டர் நின்னுருச்சு."

"அம்மிணி... ஊட்டுக்காரிக்கு..." குரல் விட்டுவிட்டு வந்தது. அப்புறம் ஒரே இரைச்சல். கடைசிச் சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "வாரேனுங்க."

திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். அதற்குள் வேறு போன் அடித்தது. அவர் பேரைப் போட்டாள், கட்டம் பச்சையானது.

சென்றாயன் பண்ணைக்குப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் கொட்டகையில் பாதிக் கோழி செத்துக் கிடந்தது.

மறுநாள் காலை முருகானந்தம் போன் பதிவை ஓடவிட்டார். டூல்ஸ் பையைக் காலடியில் வைத்துவிட்டுச் சென்றாயன் மேசைக்கு முன்னால் நின்றார். சட்டையில் இன்னும் ஆஸ்பத்திரி வாசம்.

"வாரேன்னுதான சொல்லியிருக்கீங்க?"

"போக முடியாதுன்னு சொன்னனுங்க. ஊட்டுக்காரி மயங்கி உழுந்துட்டா, மோகனூர் ஆஸ்பத்திரில நிக்கறேன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க வாரேன்னு போனை வெச்சேன். வெக்கறப்ப போறேன்னா சொல்லுவாங்க?"

ரிஹானா எழுந்துவிட்டாள். "சார், எனக்குச் சரியா கேக்கல. கேக்காமலே நான்தான் அண்ணன் பேரைப் போட்டேன்."

முருகானந்தம் சென்றாயனை வெளியே இருக்கச் சொன்னார். அவர் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியாதாம்மா? எங்க ஊட்லயும் அப்படிச் சொல்லித்தான் கிளம்பறோம். யாராச்சும் ஒரு ஆளை வேலையை விட்டு நிறுத்தியாகணும்னு பண்ணைக்காரர் நிக்கறார். உன் பேரைச் சொல்லட்டுமா?"

அவள் உட்கார்ந்தாள். வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. தன்னை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

ஆளை நீக்கக் கம்ப்யூட்டர் காரணம் கேட்டது. அதிலிருந்தவற்றில் 'ஒப்புக்கொண்டு வரவில்லை' என்பதைத் தொட்டாள். அந்த வாரம் முழுக்கச் சென்றாயனுக்குப் போட்டிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக மறுபடி சிவப்பாயின.

முருகானந்தம் அவரை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சென்றாயன் ரிஹானாவை ஒருமுறை பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி பைக் சாவியை மேசையில் வைத்தார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டியவர், எப்போதும் போலத் திரும்பினார்.

"வாரேன் அம்மிணி."

'வாங்கண்ணா' என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். முருகானந்தம் முந்திக்கொண்டார்.

"இனி வர வேண்டாங்க."

சென்றாயன் படியிலேயே நின்றார். வேறென்ன சொல்லிக் கிளம்புவதென்று அவருக்குத் தெரியவில்லை.