கோவில்பட்டிக்கு மேலே மீன்

முதலில் சத்தம்தான் வந்தது. மூன்று தெரு தள்ளி யாரோ கிரைண்டரில் மாவுக்குப் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி ஒரு சத்தம். மொட்டைமாடியில் கூழ்வத்தல் பிழிந்துகொண்டிருந்த சங்கரேஸ்வரி அச்சைத் திருகாமல் நிறுத்தினாள். சத்தம் மேற்கிலிருந்து ஊர்ந்து வந்து தலைக்கு மேலே நின்றது. அவளுடைய பல்லில் அதிர்ந்தது, கூழ்ச் சட்டியின் மூடியில் அதிர்ந்தது. பிறகு வெயில் தணிந்தது. வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. ஆனாலும் சித்திரை மாத உச்சிப்பொழுதில் கோவில்பட்டி முழுக்கக் குளத்தங்கரை மாதிரிக் குளிர்ந்து போயிற்று.

மீன் கடந்துகொண்டிருந்தது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். வழக்கம்போல வெறும் நீலம். அவள் பதினோராம் நிலையில் இருக்கிறவள். மீன் அறுபதாம் நிலைக்காரர்களுக்குத்தான் கண்ணில் படும். மற்றவர்களுக்குச் சத்தமும் குளிர்ச்சியும் மட்டும்தான்.

அவள் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்த கயிறு விறைத்தது. அது மாடிச் சுவரைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, கண்ணுக்கு நூலாகி, நூலும் மறைந்து, மேலே போனது. அந்த முனையில் அவள் வீட்டுக்காரர் காளிராஜ் இருந்தார்.

செல்போனில் 'ஏழாங்கடல்' விளையாடுகிறவர்களுக்கு நிலை ஏற ஏற உடம்பில் கனம் குறையும். இருபதாம் நிலையில் செருப்பு தரையில் பாவாது. நாற்பதில் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட முடியும். அறுபதைத் தொட்டால் ஆள் மேலே போய்விடுவார். அதற்குத்தான் கயிறு. தூணிலோ மரத்திலோ கட்டிவைக்கலாமே என்றால், முடிச்சு நிற்காது, தானே அவிழ்ந்துகொள்ளும். மனுசக் கையில் இருக்கிற கயிறுதான் நிற்கும். ஆகவே ஊரில் மேலே போனவர் ஒவ்வொருவருக்கும் கீழே பிடிக்கிறவர் ஒருவர் இருந்தார். மின்சாரக் கம்பிகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள். டவுன் பஸ்ஸின் கூரையில் கயிறு போக நீளவாட்டில் ஒரு கோடு வெட்டி விட்டிருந்தது. இரண்டு கயிறுகள் குறுக்கே வந்தால் காய்கறிப் பையோடு வருகிறவருக்கு மற்றவர் குனிந்து வழிவிட வேண்டும்.

போன் அடித்தது.

"சங்கரி, இப்பதான் கண்ணு போகுது" என்றார் காளிராஜ். எட்டு வருடமாக மேலே இருந்தும், மீன் வரும்போது அவர் குரல் கோவிலுக்குள் பேசுகிற குரலாகத் தணிந்துவிடும்.

"எப்படி இருக்கு?"

"எப்படின்னு சொல்ல? நம்ம தெப்பக்குளம் ஒரு நாள் கண்ணைத் திறந்து நம்மளப் பார்த்தா எப்படி இருக்கும்? அப்படி."

"போன தடவையும் கண்ணத்தான் சொன்னீங்க. வாலு எப்படி இருக்கும்?"

"நான் நிக்கற உயரத்துக்குக் கண்ணு மட்டுந்தாம்ட்டி வருது. அது போய் முடியுறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துருது. மிச்சத்த யாரு பார்த்தா?"

அவள் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அச்சைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறு எதற்கும் அவளுக்கு ஆசை இல்லை. நகைக்கு இல்லை, வீட்டுக்கு மேல் மாடி எடுப்பதற்கு இல்லை. சாவதற்குள் ஒரே ஒரு தடவை அந்த மீனைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் தினமும் பாத்திரம் கழுவிய பிறகு போனை எடுத்துக்கொண்டு உட்காருவாள். பதினோராம் நிலையில் ஒரு பாலம் உண்டு. ஒற்றைப் பலகைப் பாலம், கீழே கருப்பாகக் கடல். இரண்டு கட்டைவிரலையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நடக்க வேண்டும். அவளுடைய வலது கட்டைவிரல், தையல் மெஷின் ஊசி ஏறினதிலிருந்து, மரத்த விரல். பாதிப் பாலத்தில் தவறிவிடும். எட்டு வருடமாக அவள் அங்கே விழுந்துகொண்டிருந்தாள்.

"விழுந்தியா?" என்று கேட்டாள் பக்கத்து மாடியில் மிளகாய் வத்தலைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த ஜெபராணி.

"இன்னும் எடுக்கவே இல்ல."

"எடுத்தா விழத்தான போற. பேசாம என்னை மாதிரி மூணாம் நிலையிலயே கெடயேன். அங்கன கோழி இருக்கு, தீவனம் போட்டா முட்டை இடுது. நல்லா இருக்கேன்."

ஜெபராணிக்கு மேலே ஏற மனசே இல்லை. ஒரே நிலையில் திருப்தியாக இருக்கிறவர்களுக்குக் கனம் கூடும். அவள் வீட்டுத் தளத்தில் நான்கு ஓடுகள் உடைந்திருந்தன. ஆட்டோக்காரர்கள் அவளை ஏற்றும் முன் டயரை ஒரு தடவை தட்டிப் பார்ப்பார்கள்.

அந்த வாரம் விளையாட்டுக் கம்பெனியிலிருந்து சமநிலை அதிகாரி வந்தார். தெய்வசிகாமணி என்று பெயர். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பருத்திச் சந்தை மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். கீழே இருக்கிறவர்கள் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். மேலே இருக்கிறவர்களைக் கயிறு பிடிக்கிறவர்கள் இழுத்து இழுத்துப் பனைமர உயரத்துக்கு இறக்கியிருந்தார்கள். காற்றில் அவர்கள் திருவிழாத் தோரணம் மாதிரி ஆடினார்கள். பேசுகிறவர் பக்கம் போவதற்காக மைக்கைத் தொரட்டியில் கட்டியிருந்தது.

"புதுசா வாறவங்க பாலத்துலயே செத்துப் போறாங்க சார்" என்றார் கீழே ஒருவர். "பாலத்தை எடுத்துருங்க."

"எடுத்துட்டா?" மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "நாளைக்கு நீயும் எங்கூட நின்னு மீன் பார்ப்ப. நான் எதுக்கு ராத்திரி பகலா கெடந்து மாஞ்சேன்?"

சங்கரேஸ்வரி தலை தூக்கிப் பார்த்தாள். பேசினது காளிராஜ்.

"கஷ்டப்பட்டவனுக்குக் காட்டுனாத்தான் சார் அது மீன்" என்று அவர் தொடர்ந்தார். மேலே இருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். தட்டின வேகத்தில் இரண்டு பேர் தலைகீழாகப் புரண்டுவிட்டார்கள். "எல்லாரும் ஏறி வந்து வேடிக்கை பார்க்க அது என்ன பொருட்காட்சியா? பாலத்துல விழுறவங்க விழட்டும். அவங்களுக்கு அவ்வளவுதான் கொடுத்து வச்சது."

சங்கரேஸ்வரி இடுப்புச் சுற்றிலிருந்து கொஞ்சம் கயிறை விட்டாள். காளிராஜ் பேசிக்கொண்டே மேலே போனார். தொரட்டி எட்டவில்லை. அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபராணி, "அண்ணன் நல்லாத்தான் பேசுறாரு" என்றாள்.

பிறகு சங்கரேஸ்வரி எழுந்து நின்றாள். "பாலத்தை எடுக்க வேண்டாம் சார். நீளத்தையும் குறைக்க வேண்டாம். நடக்கிறவங்கதான் நடக்கணும். பலகையை மட்டும் நாலு விரக்கடை அகலமாக்கிக் கொடுங்க. ஒத்த விரலுக்காரியும் நடக்கற மாதிரி."

தெய்வசிகாமணி ரசமட்டத்தை எடுத்து ஆகாயத்துக்கும் தரைக்கும் நடுவில் செங்குத்தாகப் பிடித்தார். குமிழி மேல் முனையில் ஒட்டிக்கொண்டு நின்றது. இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"ரொம்ப நாளா மேல சாஞ்சே கெடக்கு" என்றார். "அகலமாக்கிரலாம்மா. ஆனா கீழ எவ்வளவு லேசாகுதோ மேல அவ்வளவு மீன் ஏறிரும். மட்டம் நிக்கணும்ல."

"எவ்வளவு ஏறும்?"

"ஒரு கயிறு உயரம் ஏறும்."

மேலே சலசலத்தார்கள். அவர் மறுபடி தட்டினார். குமிழி நடுவுக்கு வந்தது. ரசமட்டத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மதுரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

மறுநாள் மீனின் சத்தம் சன்னமாகக் கேட்டது, ஊருக்கு வெளியே அந்தக் கிரைண்டரைக் கொண்டுபோய் வைத்த மாதிரி. குளிர்ச்சியும் விசிறிக் காற்றளவுக்குத்தான் இருந்தது. காளிராஜ் போன் பண்ணவில்லை. அவள்தான் பண்ணினாள்.

"கண்ணு வந்துச்சா?"

"இல்ல. எனக்கு மேல எங்கயோ போகுது. அண்ணாந்தா வெளிச்சமா ஒரு கலக்கம். அவ்வளவுதான்."

அன்றைக்குக் கயிற்றில் ஏற்றி அனுப்பின டிபன் கேரியர் நிறைந்த வாக்கிலேயே இறங்கி வந்தது. அடுத்த நாளும் அப்படியே வந்தது. புளிக்குழம்பு அவருக்குப் பிடிக்கும். அதில் கரண்டி படவில்லை. அவள் அந்தக் குழம்பை ஊற்றித் தானே சாப்பிட்டாள். தன்னால் ஒரு ஆள் மீனை இழந்துவிட்டார் என்பது இடுப்பில் கயிறு கிடக்கிற இடத்தில் உறைத்தது.

பாத்திரம் கழுவிவிட்டுப் போனை எடுத்தாள். பலகை அகலமாகத்தான் இருந்தது, சாமான்கள் கூட வைக்கலாம். நடந்தாள். பாதிப் பாலத்தில் விழுந்தாள். மறுபடி நடந்தாள், அதே இடத்தில் விழுந்தாள். விரல் தவறவில்லை. அந்த இடம் வந்ததும் எட்டு வருடப் பழக்கத்தில் அவளே காலை எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

போன் அடித்தது. "என்ன கயிறு வெட்டி வெட்டி இழுக்குது?" என்றார் காளிராஜ்.

"விழுறேன்."

"பாலத்தைத்தான் அகலமாக்கியாச்சே."

"ஆக்கியாச்சு. எனக்கு விழத்தான் தெரியுது."

மேலே காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு காளிராஜ் சொன்னார்: "நானும் அந்த எடத்துல நெறைய விழுந்திருக்கேம்ட்டி. வெளிய சொல்லல. வலது கட்டைவிரல மடக்கி உள்ள வச்சுக்கோ. கீழ பார்க்காத. பாதி வரும்போது எங்கிட்ட ஏதாச்சும் பேசு."

"என்ன பேச?"

"புளிக்குழம்புல என்ன போட்ட?"

"சுண்டவத்தல்" என்று சொல்லும்போது அவள் அக்கரையில் நின்றாள்.

அப்புறம் நிலைகள் மடமடவென்று ஏறவில்லை. ஒவ்வொன்றும் அதனதன் கஷ்டத்தோடுதான் இருந்தது. பத்தொன்பதில் ஒரு நண்டு அவளை ஆடி மாதம் முழுக்க மறித்தது. ஆனால் கஷ்டம் எல்லாம் நடந்தால் தீருகிற கஷ்டமாக இருந்தது. ஐப்பசியில் அவள் செருப்பு தரையில் பாவவில்லை. கார்த்திகையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். அடுத்த சித்திரை வந்தபோது ஐம்பத்தொன்பதில் இருந்தாள்.

ஜெபராணியிடம் போய்த் தன் கயிற்றின் நுனியை நீட்டினாள். காளிராஜின் கயிறு அவள் இடுப்பிலேயே இருந்தது.

"உங்க ரெண்டு பேரையும் நான்தான் சுமக்கணுமாக்கும்" என்றாள் ஜெபராணி. கயிறை வாங்கி இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள். போனில் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டே, ஒரு கையால் கயிறைப் பிடித்தாள். காலுக்கடியில் ஐந்தாவது ஓடு உடைந்தது. "போ. பிழியற வத்தல்ல பாதி எனக்கு."

சங்கரேஸ்வரி அறுபதைத் தொட்டு மேலே போனாள். வீடு தீப்பெட்டியாயிற்று. தெப்பக்குளம் கைக்கண்ணாடியாயிற்று. சுற்றிலும் கரிசல் காடு கருப்பாக, ஓரம் மடித்துத் தைத்த துணி மாதிரி விரிந்து கிடந்தது. கயிறு முழுக்க விட்டுத் தீர்ந்த இடத்தில் நின்றாள். முன்பு காளிராஜ் நின்ற இடம் அதுதான். அவர் இப்போது அவளுக்கு மேலே, இன்னொரு கயிறு உயரத்தில் இருந்தார். அவள் ஏறின அளவுக்கு அவரும் ஏறியிருந்தார்.

சத்தம் வந்தது. இங்கே அது கிரைண்டர் இல்லை. நூறு கோவிலில் ஒரே சமயத்தில் மணியை நிறுத்தின பிறகு காற்றில் மிச்சம் இருக்குமே, அது. மேற்கே வானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது.

பிறகு மீன் வந்தது.

அவள் தலைக்கு மேலே அதன் வயிறு வந்தது, வந்துகொண்டே இருந்தது. வெள்ளியும் இல்லாத வெள்ளையும் இல்லாத நிறம். ஒவ்வொரு செதிலும் ஒரு வயல் அகலம். ஒவ்வொன்றிலும் கீழே இருக்கிற ஊர் தலைகீழாகத் தெரிந்தது. ஒரு செதிலில் சாத்தூர், ஒன்றில் எட்டயபுரம், ஒன்றில் ஜெபராணியின் மிளகாய் சிவப்பாக. அது மூச்சு விட்டபோது சங்கரேஸ்வரியின் சேலை மேலே எழும்பி மெதுவாக அமர்ந்தது. அவள் கையைக் கூப்பவில்லை. கை இருப்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை.

போன் அடித்தது.

"சங்கரி." காளிராஜின் குரல் உடைந்திருந்தது. "கண்ணு வந்துருச்சு. என்னைப் பார்க்குது."

"ம்."

"நீ எங்கன நிக்க? என்ன தெரியுது?"

"வயிறு. துடுப்பு. வாலு இன்னும் மேக்க மலைக்குக் கிட்டத்தான் வருது."

"வாலு எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார். ஒன்பது வருடத்தில் மீனைப் பற்றி அவர் அவளிடம் கேட்பது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் 'ம்' கொட்டினார். கண்ணை அவர் சொன்னார், மற்றதை அவள் சொன்னாள். கீழே வரிசையாக மற்ற கயிறு பிடிக்கிறவர்களும் ஒவ்வொருவராக மேலே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே மூன்றாம் நிலைக்காரர்கள் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு கனமாக நின்றார்கள்.

துடுப்பு அவள் பக்கம் தாழ்ந்து வந்தது. அதன் அடியில் ஒரு கயிறு தொங்கியது. பழைய கயிறு, நுனி பிரிந்திருந்தது. பிடித்திருந்தவர் எப்போதோ விட்டுவிட்டார் போல. சங்கரேஸ்வரி அதை எட்டிப் பிடித்து, காளிராஜின் கயிற்றுக்குப் பக்கத்தில் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மீன் நின்றது.

கீழே கோவில்பட்டி முழுக்க நிழலாயிற்று. இனி அங்கே வத்தல் காயாது. துடுப்பின் மேல்பக்கம் மொட்டைமாடி மாதிரிச் சமதளமாக, நல்ல வெயிலாக இருந்தது. அதன்மேல் ஏறிக்கொண்டாள். அவள் ஜெபராணிக்குப் போன் போட்டு, காலையில் பாதி பிழிந்து வைத்துவிட்டு வந்த கூழ் புளிக்கும் முன் சட்டியையும் அச்சையும் கயிற்றில் ஏற்றிவிடச் சொன்னாள். அவை வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பிழிய ஆரம்பித்தாள்.