தண்ணீர் படக்கூடாத கடற்கரைப் பொம்மை

தில்லைநாயகியின் கழுத்தில் நித்தியானந்தன் தாலிக்கொடி கட்டிய அதே நேரத்தில், சுவிட்சர்லாந்து முழுவதும் விற்பனையாகியிருந்த மாயா பொம்மைகள் அத்தனையின் கழுத்திலும் தாலிக்கொடி ஏறியது. கழுத்துக்குக் கீழே அவை உடுத்தியிருந்தது மஞ்சள் நிற இரண்டு துண்டு நீச்சலுடை. ஊஸ்டர் பள்ளிக்கூட மண்டபத்தில் நாதஸ்வர ஒலிநாடா ஓடிக்கொண்டிருந்தது. மண்டபத்தை நாலு மணிக்குக் கூட்டிக் கழுவிக் கொடுக்கவேண்டும் என்பதால் ஐயர் மந்திரத்தை விரட்டிக்கொண்டிருந்தார். ஃப்ரிபூர்க்கில் ஒரு பல் வைத்தியரின் மகள், தன் பொம்மைக்குக் கேட்காமல் சங்கிலி போட்டுவிட்டான் என்று தம்பியை அறைந்தாள். அன்று நடந்தவற்றில் அந்த அறை ஒன்றுதான் அநியாயம். மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது.

இது விளங்குவதற்கு லீடோ பொம்மை வரிசையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஊஸ்டருக்கு மேலே, வருடத்தில் பாதி மூடுபனி குந்தியிருக்கும் ஒரு பள்ளத்தாக்கில் ஹோஃப்ஸ்டெட்லர் என்றொரு முதலாளி மரக்குதிரை செய்து விற்றுக்கொண்டிருந்தார். அறுபதுகளின் கடைசியில் சனமெல்லாம் இத்தாலிக்குக் கடல் குளிக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு, கடற்கரைப் பொம்மை செய்வதென்று முடிவெடுத்தார். அவர் கடலைக் கண்டதில்லை. காணவேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. மைத்துனி அனுப்பிய தபாலட்டை ஒன்று கையில் இருந்தது, அது போதும் என்று விட்டுவிட்டார். அதனால்தான் லீடோ பெட்டிகளில் கடலுக்குப் பின்னால் பனிமலை நிற்கிறது. முதல் பொம்மைக்கு ஃப்ரேனி என்று பெயர். மாட்டுப்பட்டியில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர் அது. அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி, துவாய், நகத்தளவு வானொலி எல்லாம் கொடுத்தார்கள். பிறகு வெயிலில் வைத்தால் பழுப்பாகிற ஃப்ரேனி வந்தாள். பழுப்பானவள் திரும்ப வெளுக்க மறுத்ததால் தாய்மார் கொண்டுவந்து கடையில் எறிந்துவிட்டுப் போனார்கள். பிறகு ரேத்தோ என்ற காதலன் வந்தான். காற்சட்டையை உடம்போடு சேர்த்தே வார்த்திருந்தார்கள், கடைசிவரை கழற்ற முடியாது. இந்தக் கடற்கரைக் கும்பலில் ஒருவரைக்கூடத் தண்ணீரில் விட முடியாது, சாயம் கரைந்துவிடும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் மூன்று மொழிகளில் ‘தண்ணீர் படக்கூடாது’ என்று அச்சடித்திருந்தார்கள். கடலில் குளிக்கப் போகிறவளுக்குத் தண்ணீர் ஆகாது என்பது இருபது வருடத்தில் அந்த நாட்டில் ஒருவருக்கும் சிரிப்பு மூட்டவில்லை. அச்சில் இருந்தால் அங்கே எதுவும் சரிதான்.

தில்லைநாயகி தன் தீவில் நடந்த சண்டைக்குத் தப்பி, எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தாள். இருபத்தொரு வயது, தஞ்ச விண்ணப்பம் விசாரணையில் கிடந்தது, வேலை ஹோஃப்ஸ்டெட்லரின் தொழிற்சாலையில் பொம்மைகளைப் பெட்டியில் அடைப்பது. அந்த வருடம் விற்பனை படுத்துவிட, ஃப்ரேனிக்குத் தீவுக்காரத் தோழி ஒருத்தி வேண்டும் என்று முதலாளிக்குப் புத்தி தோன்றியது. எந்தத் தீவு என்று அவர் யோசிக்கவில்லை. முகம் வார்க்கிற கிழவர் அடைக்கும் பகுதிக்கு வந்து ஒரு சுற்றுப் பார்த்தார், விரலை நீட்டினார். அவளைப் படுக்கவைத்து, மூக்கில் இரண்டு குழாயைச் செருகி, முகம் முழுக்கப் பிளாஸ்டர் குழைத்து அப்பினார்கள். தில்லைநாயகி மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் கிடந்தாள். வந்த அன்றே பத்து விரலுக்கும் ரேகை எடுத்த நாடு, இப்போது முகத்துக்கும் ரேகை எடுக்கிறதாக்கும் என்று நினைத்திருந்தாள். விசாரணை முடியாதவள் வேறு எதை நினைப்பாள்? அன்று பின்னேரம் அகதி விடுதியில் செய்தி பரவியது. “முகமும் எடுத்துப்போட்டாங்களோ? அப்ப உனக்கு விசா சரி” என்றார்கள். அடுத்த கிழமை இரண்டு பேர் தலைவாரிச் சவரம் செய்துகொண்டு தொழிற்சாலை வாசலில் போய் நின்று, தங்கள் முகத்தையும் எடுக்கும்படி கேட்டார்கள். காவலாளி அவர்களைத் துரத்திவிட்டான். முகத்துக்குக் கூலியாகத் தில்லைநாயகிக்கு ஒரு கட்டி சொக்கலேட் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அடைக்கும் மேசையில் தன் முகமே வரிசையாக வந்தபோதுதான் அவளுக்கு விசயம் விளங்கியது. முகம் அவளுடையது, கீழே மஞ்சள் துண்டுகள் இரண்டு, பெட்டியில் மாயா என்ற பெயர். தன் அகதி அட்டையுடன் அவள் மாநில எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதி கேட்கவேண்டும்; மாயா ஒரு கேள்வியுமில்லாமல் ஜெனீவா வரை போனாள். அதே வாரம் வெள்ளிக்கிழமை தில்லைநாயகி தலைமுழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போக, கிடங்கில் இருந்த மாயாக்கள் எல்லாவற்றின் நெற்றியிலும் சிவப்புப் புள்ளி கிடந்தது. சாயம் தெளிக்கிற இயந்திரம் ஒழுகுகிறது என்றார்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள், புள்ளி திரும்ப வந்தது. வின்டர்தூரிலிருந்து பொறியியலாளர் வந்து இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டினார். தில்லைநாயகி மேற்பார்வையாளரிடம் போய், அது இயந்திரமில்லை, நான்தான் என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். முதலில் பாஷையை ஒழுங்காகப் படி என்று அவர் சொல்லி அனுப்பினார். அவளிடமிருந்து பொம்மைக்குப் போகுமே தவிர, பொம்மையிலிருந்து அவளுக்கு ஒன்றும் வரவில்லை, பணமும் அப்படித்தான். தொழிற்சாலை எண்பத்தொன்பதில் இழுத்து மூடப்பட்டது.

நித்தியானந்தன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவன், நல்லவன், பயந்தவன். சீதனம் கேட்கவில்லை. பொம்மைக் கதையை ஒருவரிடமும் கதைக்கக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டான். ஊஸ்டர் தமிழர் அத்தனை பேருக்கும் அது தெரியும் என்பது அவனுக்கு மட்டும் தெரியாது. தில்லைநாயகி யாதவியை வயிற்றில் சுமந்தபோது மாயாக்களின் வயிறும் ஏறியது. பேசலில் ஒரு தாய் பொம்மையைக் குழந்தை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போக, அவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எட்டாம் மாதம், பாரம் தூக்கவிட வேண்டாம் என்றார். வருடங்கள் போயின. மாயாவுக்குக் கண்ணோரம் சுருக்கம் விழுந்தது, வகிடு நரைத்தது, தில்லைநாயகி மை பூசினால் கறுத்தது. அவள் பழைய ஸ்டிக்கர் பொட்டுகளைக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவைப்பது வழக்கம். உடைக்காத பெட்டிகளின் உட்பக்கக் கண்ணாடித் தாளிலும் வரிசையாகப் பொட்டுகள் ஒட்டியிருந்தன.

ஒருவருக்கும் வேண்டாத சாமான் நாற்பது வயதானால் அதைப் போற்றுவதற்கென்று ஒரு கூட்டம் இந்த நாட்டில் புறப்படும். லீடோ சேகரிப்பாளர் சங்கமும் அப்படித்தான் புறப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் வங்கிக்காரரும் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மாயாவைப் பிடித்துப் பார்த்தார்கள். பொட்டு வைத்த மாயா மேல் ரகம், வைக்காத மாயா கீழ் ரகம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மூப்புத் தட்டாமலிருக்கச் சிலர் அவளைப் பிரிட்ஜில் வைத்தார்கள். பாற்கட்டிக்குப் பக்கத்திலிருந்து அவளுக்கு அறுபது வயதானது. முகத்தின் சொந்தக்காரி உயிரோடு ஊஸ்டரில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. வருடப் பிறப்புக்கு ஒரு வாழ்த்தட்டை போடுவார்கள், வெயிலில் அலைய வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கும்.

போன ஆனி மாதம் நித்தியானந்தன் மாரடைப்பில் செத்துப்போனான். செத்தவீட்டில் பெண்கள் கூடி அவளுடைய தாலிக்கொடியைக் கழற்றினார்கள், பொட்டைத் துடைத்தார்கள். அவள் மறிக்கிற நிலையில் இருக்கவில்லை. மாயாக்களின் கழுத்தும் நெற்றியும் மூளியாயின, சேகரிப்பாளர் பலர் அன்று சாப்பிடவில்லை. செத்த எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவன்று விடிய எழும்பி முகம் கழுவிய தில்லைநாயகி, குளியலறைக் கண்ணாடியிலிருந்த பொட்டொன்றைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். யோசித்து ஒட்டவில்லை. ஒட்டிய பிறகு எடுக்க மனம் வரவில்லை.

படையல் முடிந்து சனம் போன பின்னும் கலாவதி போகவில்லை. அவள் மாதர் சங்கத்துத் தலைவி, யார் எதை உடுக்கலாம் என்பதில் பெரிய கெட்டிக்காரி. அந்த நேரம் பார்த்து சேகரிப்பாளர் சங்கத்துத் திருமதி ஷ்டூக்கியும் ஆப்பிள் கேக்கும் அனுதாபமுமாக வந்து இறங்கினாள். யாதவி இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்தாள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ, அந்தப் பொட்டை எடுத்துப்போடுங்கோ. நாலு சனம் வந்துபோற இடம்” என்றாள் கலாவதி.

திருமதி ஷ்டூக்கி பதறிப்போய், பொட்டு இருக்கட்டும், அது பண்பாட்டுச் செல்வம், எடுத்தால் சேகரிப்புகள் பாழாகிவிடும் என்றாள். தாலிக்கொடி போனதையே இன்னும் தாங்க முடியவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செத்தவனுக்காக அந்தக் கண் கலங்கவில்லை. இருவரும் தில்லைநாயகியின் நெற்றியைப் பார்த்துப் பார்த்து வாதாடினார்கள். அதற்குக் கீழே இரண்டு கண் இருப்பதை ஒருத்தியும் கவனிக்கவில்லை. பொட்டை எடுத்தால் கலாவதி சொன்னதாகும், விட்டால் ஷ்டூக்கி சொன்னதாகும். தன் இஷ்டத்துக்கு ஒரு பொட்டை வைப்பதற்கு வழியே இல்லாமல் போய்விட்டதை நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ர நெத்தி என்ன உங்கட சங்கத்துக் காணியோ? ஒராள் வேலி போடவும் ஒராள் வேலி பிடுங்கவும்?” என்று கேட்டாள். யாதவி அதை மொழிபெயர்க்கவில்லை. தில்லைநாயகி எழும்பி, கதிரை மடித்து வைக்கிற சாட்டில் கெல்லர் என்று அவர்கள் சொல்லும் நிலவறைக்கு இறங்கிப்போனாள்.

அங்கே நித்தியானந்தனின் சைக்கிளுக்குப் பின்னால் லீடோ பெட்டிகள் அடுக்கியிருந்தன. பழைய சாமான் கடைகளில் மாயாவைக் கண்ட இடமெல்லாம் அவன் வாங்கிவந்து ஒளித்து வைத்திருந்தான். ஒவ்வொன்றையும், இடுப்பில் கட்டுகிற தன் சாரத்தைக் கிழித்துக் கழுத்திலிருந்து கால்வரை சுற்றி, ஊசி குத்தியிருந்தான். ஒரு நல்ல சங்கு மார்க் சாரத்தை நாசமாக்கியிருந்தான், மடையன். எல்லாப் பொம்மையும் அவளுடைய அறுபது வயது முகத்தோடு, அழுத கண்ணும் புதுப் பொட்டுமாக அவளைப் பார்த்தன. அவளுக்கு முதலில் கோபம் வந்தது. முப்பது வருடம் பக்கத்தில் படுத்திருந்தவனும் தன்னை மூடிவைக்கத்தான் பார்த்திருக்கிறான் என்று திட்டினாள். திட்டி முடிய அழுகை வந்தது, அவன் இல்லாதது அப்போதுதான் உறைத்தது. பெட்டியொன்றைத் திருப்பியபோது அடியில் இருந்த எழுத்து கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் வாசிக்கத் தெரியாமல் ஆயிரக்கணக்கில் அடைத்த பெட்டி. இப்போது தடக்காமல் வாசித்தாள். தண்ணீர் படக்கூடாது. ஊஸ்டரில் இத்தனை வருடம், ஏரி நடந்துபோகிற தூரம், ஒருநாள்கூட அவள் கால் நனைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய்த் தொடைவரை மூடுகிற கறுப்பு நீச்சலுடை ஒன்று வாங்கிவந்தாள். இங்கேயே பிறந்து, சட்டம் படித்து, மனித உரிமை பற்றி மேடையில் பேசுகிற யாதவிக்கு முகம் வெளிறிவிட்டது.

“அம்மா, எட்டு முடிஞ்ச கையோட குளிக்கப் போறீங்களோ? சனம் என்ன கதைக்கும்?”

“சனம் முப்பது வருசமாக் கதைச்சுக்கொண்டுதானே இருக்கு. தண்ணிக்குள்ள நிண்டா காதில விழாது. நீ வாறியோ, நான் தனியப் போகவோ?”

யாதவி துவாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். கிரைஃபென்சே ஏரியின் குளிப்பிடத்தில் தில்லைநாயகி படி படியாக இறங்கி, கழுத்தளவில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு முங்கினாள். குளியலறைத் தண்ணீருக்கு ஒருநாளும் நனையாத மாயாக்கள் நாடு முழுவதும் நனைந்தன. பிரிட்ஜில் இருந்தவையும் கண்ணாடி அலுமாரிகளில் இருந்தவையும் நிலவறையில் சாரம் சுற்றிக்கிடந்தவையும் ஒருசேரச் சொட்டின. மஞ்சள் துண்டுகள் இரண்டும் கரைந்து ஓடிப்போக, அந்த இடத்தில் தொடைவரை கறுப்பு நீச்சலுடை வந்தது. முகம் கரையவில்லை. அது சாயம் இல்லை என்று அவளுக்கு எண்பத்தைந்திலேயே தெரியும், பாஷைதான் போதவில்லை. அவளுடைய பொட்டு நெற்றியை விட்டுக் கழன்று தண்ணீரில் மிதந்துபோனது. அவள் அதைப் பிடிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஏரிக்கு அப்பால் பனிமலை நின்றது. ஹோஃப்ஸ்டெட்லரின் பெட்டிப் படம் அன்றைக்குத்தான் முதன்முதல் சரியாக வந்தது.

அதற்குப் பிறகு அவள் நினைத்த நாள் பொட்டு வைத்தாள், நினையாத நாள் விட்டாள். காலையில் மேல் ரகமாக இருந்த மாயா மத்தியானம் கீழ் ரகமாகி, பின்னேரம் திரும்ப ஏறியது. சேகரிப்பாளர் சங்கம் தீர்ப்புச் சொல்வதைக் கைவிட்டு, கேக் சாப்பிடுவதற்கு மட்டும் கூடுகிறது. கலாவதி ஒரு சனிக்கிழமை ஏரிக்கரைக்கு வந்து, சேலையைக் கரண்டைக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, “சும்மா பாக்க வந்தனான்” என்று கொஞ்ச நேரம் கால் நனைத்துவிட்டுப் போனாள். நிலவறைப் பொம்மைகளின் சாரத் துண்டுகள் ஈரத்தில் மணக்கத் தொடங்கவே, தில்லைநாயகி அவற்றை அவிழ்த்துத் தோய்த்து, சலவைக்கூடத்தில் தன் முறை வந்த நாளில் கொடியில் காயப்போட்டாள். வெயில் காலத்தில் மாயா வைத்திருக்கிற வீடுகளில் பெட்டிக்கு அடியில் ஒரு துவாய் விரித்துவிடுகிறார்கள். சனிக்கிழமை பின்னேரம் அதைப் பிழிந்து போடுகிறார்கள்.