கவிழ்த்து வைத்த தட்டு

கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டு, பின்பக்கம் செண்பகவல்லி என்று பெயர் வெட்டிய தட்டு, அதைத் தொட எங்கள் விடுதி மெஸ்ஸில் எவளுக்கும் துணிச்சல் கிடையாது, தட்டு கவிழ்ந்திருந்தால் அந்த இடத்துக்கு ஆள் வருகிறது என்று அர்த்தம், சைக்கிள் பஞ்சராகி இரண்டு மைல் தள்ளிக்கொண்டு வருகிறாளோ என்னவோ, வரும்வரை ரசம் ஆறினாலும் நாங்கள் எழுந்திருக்க மாட்டோம், ஊருக்கு வெளியே வயலுக்கு நடுவில் அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம், போக வேறு இடமில்லை, ஒருத்திக்குக் கடிதம் வந்தால் நாற்பது பேரும் படித்தாயிற்று, அப்போது அது எரிச்சலாக இருந்தது, விட்டு வந்த பிறகு சொர்க்கமாகிவிட்டது, மனசு இருக்கிறதே, அதைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எம்.ஏ.வுக்குச் சென்னை வந்தேன், மாம்பலத்தில் சித்தி வீடு, கடற்கரை ரோட்டைப் பார்த்த பல்கலைக்கழகம், மூன்றரைக்கு வகுப்பு முடிகிறது, மூன்றே முக்காலுக்கு ஈ காக்கை இல்லை, ஒருத்தி டைப்ரைட்டிங்குக்கு ஓடுகிறாள், ஒருத்தி பஸ்ஸுக்கு, சே, இதெல்லாம் ஒரு சிநேகிதமா என்று தினமும் நான் புலம்புவது என் வகுப்பு அமலோற்பவத்திடம்தான், அவள் காலையில் பல்லாவரத்தில் ஏறி, லேடீஸ் பெட்டியில் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு, ஆள் வராங்க, ஆள் வராங்க என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் திட்டு வாங்கிக்கொண்டு வருவாள், நான் மாம்பலத்தில் ஏறிப் பொத்தென்று உட்கார்ந்து, அமலா, எங்க ஹாஸ்டல்ல தட்டு கவுத்து வெப்போம் தெரியுமா என்று ஆரம்பிப்பேன், நூறு தடவை சொன்ன கதை, எலை போட்டுச் சாப்பிட்டா என்னடி பண்ணுவீங்க என்று சிரிப்பாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வாயேன்டி, க்ளாஸ்ல உன்னை மட்டுந்தான் கூப்பிடுறேன் என்றாள், என்ன விசேஷம் என்றுகூடக் கேட்காமல், ஐயோ, அன்னிக்கு நான் ஹாஸ்டலுக்குப் போறேன், எங்க ஆளுங்களப் பாக்கணும் என்றேன், எங்க ஆளுங்களாம், அதைக் கேட்டு அவள் முகம் எப்படிப் போனது என்று நான் பார்க்கவில்லை, இறங்குகிற அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மெஸ் வாசலில் நிற்கிறேன், அங்கேயே எம்.ஏ. சேர்ந்திருந்த செண்பகவல்லி வேலை கிடைத்து, போன மாதமே போய்விட்டாளாம், எனக்கு ஒரு கார்டு போடவில்லை, எங்கள் பெஞ்சில் புதுப் பெண்கள், ஒருத்தி எழுந்து, யாரைக்கா பாக்கணும் என்கிறாள், யாரையும் இல்லம்மா என்று திரும்பினேன். திங்கட்கிழமை வண்டியில் அமலா இல்லை, செவ்வாயும் இல்லை, அவள் வீடு எந்தத் தெரு என்று வகுப்பில் ஒருத்திக்கும் தெரியவில்லை, எனக்கே தெரியவில்லையே, ஒன்றரை வருஷம் அவள் பிடித்த இடத்தில் உட்கார்ந்து போனவள் நான், ஒரு நாளும் கேட்டதில்லை. புதனன்று, எப்போதும் எதிர் சீட்டில் வரும் டெலிபோன் ஆபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார், அவர் அமலாவின் தெருவாம், அந்தப் புள்ளைக்கு ஞாயித்துக்கிழம நிச்சயதார்த்தம், தூத்துக்குடி மாப்ள, படிப்ப நிறுத்திட்டாங்க, நேத்து குடும்பத்தோட ஊருக்குக் கெளம்பிட்டாங்க, பந்தியில பக்கத்து எலை மேல ஒரு தட்டக் கவுத்து வெச்சுக்கிட்டு, ஆள் வராங்கன்னு கடைசி வரைக்கும் யாரையும் உக்கார விடல, எலையில எதுக்குடி தட்டுன்னு எல்லாரும் சிரிச்சோம், நீதானாம்மா அந்த ஆளு.

நான்தான், அந்தப் பாவி நான்தான், எத்தனையோ வருஷமாயிற்று, கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தட்டு என்றால் எனக்கு இப்போது அந்த மெஸ் ஞாபகத்துக்கு வருவதில்லை, நான் போகாத பல்லாவரம் வீடு, நான் உட்காராத பந்தி, வாழையிலை மேல் ஒரு தட்டு, இன்றும் அந்த வண்டியில் மாம்பலத்தில் ஏறுகிறேன், சீட்டு காலியாத்தானே இருக்கு, உக்காருங்கம்மா என்கிறாள் ஒரு பெண், இல்லம்மா, ஆள் வராங்க என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே போகிறேன்.